துவாதசியன்று ஆர்மீனியா

ஆர்மீனியா என்றதும் எங்கள் வீட்டில் கேட்கப்பட்ட முதல் கேள்வி, அங்கே தயிர் கிடைக்குமா என்பது. கேட்டவர் என் மாமனார். என்னிடம் கேட்கவில்லை. ஹாலில் உட்கார்ந்து மாமியாரிடம் கேட்டார். மாமியார் சமையலறைக்கு வந்து என்னிடம் கேட்டார். தாராளமாகக் கிடைக்கும், அவர்களும் தயிர் இல்லாமல் சாப்பிட மாட்டார்கள், ஆனால் நான் எங்கேயும் போகவில்லை, இங்கேயே இருந்து அந்த ஊர்ப் பெண்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யப்போகிறேன் என்று விளக்கமாகச் சொன்னேன். மாமியார் ஹாலுக்குத் திரும்பிப்போய், "கிடைக்குமாம்" என்றார். அவ்வளவுதான். நான் வெளிநாடு போகப்போகிறேன் என்று சித்திரை வீதியில் பல மாதம் பேச்சாக இருந்தது.

எங்கள் வீட்டு வழக்கம் அது. நான் மாமனாரிடம் நேரே பேசுவதில்லை, அவரும் என்னிடம் பேசுவதில்லை. சண்டை எதுவும் கிடையாது. அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. நான் கல்யாணமாகி வந்தபோது, மாமியார் தன் மாமனாரிடம் பேசியதே இல்லை என்று பெருமையாகச் சொன்னார்கள். நானும் வாயை மூடிக்கொண்டேன். காபி வேண்டுமா என்பதிலிருந்து கரண்ட் பில் வரை எல்லாமே மாமியார் வழியாகப் போகும், மாமியார் வழியாக வரும். வருகிற வழியில் பாதி சிந்திவிடும். நான் பத்து வாக்கியம் சொன்னால், அதில் யாருக்கும் தொல்லை தராத ஒரு வாக்கியத்தைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போவார் மாமியார். கணவரிடம் சொன்னால், "அம்மாகிட்ட சொல்லிடேன்" என்பார். அவர் வங்கியில் வாடிக்கையாளர் குறை தீர்க்கும் வேலை பார்க்கிறார் என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும்.

ஏன் ஆர்மீனியா என்று கேட்காத ஆள் இல்லை. ஸ்ரீரங்கத்தில் இல்லாத சரித்திரமா என்பார்கள். நியாயமான கேள்விதான். பதில் ரொம்பச் சாதாரணம். பிளஸ் டூவில் மார்க் வரும் என்று என்னைப் பிரெஞ்சு எடுக்க வைத்தார்கள். அந்தப் பிரெஞ்சை வைத்துக்கொண்டு ஊறுகாய்கூடப் போட முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு திருச்சியில் எம்.ஏ. சரித்திரம் படித்தபோது, கல்லூரி நூலகத்தின் ஒரு மூலையில் அந்தக் காலத்துப் பாதிரியார்கள் விட்டுப்போன பிரெஞ்சுப் புத்தகங்கள் தூசி படிந்து கிடந்தன. மழைக்கு ஒதுங்கிய ஒரு நாள் அதில் ஒன்றைப் பிரித்தேன். ஆர்மீனியக் கல்வெட்டுகளின் மொழிபெயர்ப்பு. எழுநூறு எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தி தன் சொந்தத் திராட்சைத் தோட்டத்தை ஒரு மடத்துக்குக் கொடுத்திருக்கிறாள். பதிலுக்கு, வருஷத்தில் ஒரு நாள் தன் பெயரைச் சொல்லிப் பூசை செய்ய வேண்டும் என்று மடத்துச் சுவரிலேயே வெட்டி வைத்துவிட்டாள். நான் கொடுத்தேன், நான் கேட்கிறேன் என்று அவளே பேசுகிறாள். இடையில் ஆள் இல்லை. எங்கள் கோயில் சுவர்களிலும் விளக்குக்கு நிலம் விட்ட பெண்கள் இருக்கிறார்கள். அவர்களைப் படித்துச் சொல்ல எத்தனையோ பேர் உண்டு. இவளைத் தமிழில் யாரும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை.

சிக்கல் அதற்குப் பிறகு வந்தது. "இடைக்கால ஆர்மீனியப் பெண்களின் அன்றாட வாழ்க்கை" என்று பிஎச்.டி. தலைப்பைப் பதிவு செய்துவிட்டேன். தோட்டம் இருந்தவள் கல்லில் பேசினாள். தோட்டம் இல்லாதவள்? அவளைத் தேடித் தேடி எனக்குக் கண்ணாடி பவர் ஏறியதுதான் மிச்சம். அரசர்கள் செத்த தேதி இருக்கிறது, பிஷப்புகள் போட்ட சண்டை இருக்கிறது, பூகம்பம் இருக்கிறது. ரொட்டி சுட்டவள் இல்லை. தரையில் குழி தோண்டி மண் பூசிய அடுப்பு அவர்களுடையது. அதன் உள்சுவரில் மாவை அறைந்து ரொட்டி சுட வேண்டும். அதற்குத் தலையைக் குழிக்குள் விடுகிற மாதிரி குனிய வேண்டும். அகழாய்வில் அடுப்பு கிடைத்திருக்கிறது, அளவு எடுத்திருக்கிறார்கள், படம் போட்டிருக்கிறார்கள். குனிந்தவளின் முதுகைப் பற்றி ஒரு வரி கிடையாது.

கடைசியில் அவளை நான் பிடித்தது தடைகளில். சாவு வீட்டில் பெண்கள் தலைமுடியைப் பிய்த்துக்கொண்டு ஒப்பாரி வைக்கக்கூடாது என்று அந்த ஊர்க் குருமார்கள் திரும்பத் திரும்பக் கண்டித்திருக்கிறார்கள். அப்படியானால் வைத்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? சம்மதம் இல்லாமல் பெண்ணைக் கட்டிக்கொடுக்கக் கூடாது என்கிறது ஒரு பழைய சட்டநூல். அப்படியானால் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். கூடாது என்று எழுதிய ஆண்களின் புண்ணியத்தில் அந்தப் பெண்கள் கொஞ்சம் பிழைத்துக் கிடக்கிறார்கள். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். வீட்டில் சொன்னேன். "ஒப்பாரி பத்தியா எழுதறே? நாளும் கிழமையுமா?" என்றார் மாமியார்.

நான் உயிரைக் கொடுத்து எழுதியது புது மருமகளின் மௌனம் பற்றிய அத்தியாயத்தை. ஆர்மீனியக் கிராமங்களில் கல்யாணமாகி வந்த பெண் மாமனார் மாமியாரிடம் பேசக்கூடாது. சைகை காட்டலாம், குழந்தையின் காதில் சொல்லி அனுப்பலாம். வருஷக்கணக்கில், சில இடங்களில் மாமனார் உயிரோடு இருக்கும்வரை. இதைப் படித்தபோது எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை. வேறு எந்த அத்தியாயமும் அவ்வளவு சுலபமாக வந்ததில்லை.

என் நெறியாளர் மன்னார்புரத்தில் இருக்கும் கத்தோலிக்கர். நல்ல மனிதர், அளந்து பேசுகிறவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடித்து வந்து தன் வீட்டு மேஜையில் என் அத்தியாயத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா இதெல்லாம் ரொம்பப் பின்னாடி வந்த பயணிங்க பாத்துட்டு எழுதினது. உங்க காலத்துக்கு ஆதாரம் எங்கம்மா?"

"சார், ஒரு வழக்கம் திடீர்னு முளைக்குமா? முன்னாடியும் இருந்திருக்கும்."

"இருந்திருக்கும்னு நீங்க நம்பலாம். ஆய்வேட்டுல எழுத முடியாது. எடுத்துருங்க."

அவர் சொன்னது சரி. சரியாக இருந்ததுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. என் வீட்டைப் பார்த்து எழுநூறு வருஷத்துக்கு முந்திய வீட்டுக்கு வர்ணம் அடித்திருக்கிறேன். சாதாரண மாணவி இந்தத் தப்பைச் செய்ய மாட்டாள், அவளுக்கு அந்த வழக்கம் அதிசயமாகத் தெரிந்திருக்கும், ஆதாரம் தேடியிருப்பாள். முழு அத்தியாயத்தையும் உருவி எடுத்தேன். ஆய்வேடு பாதியாக இளைத்துவிட்டது.

அதற்குள் அவகாசமும் முடிந்துகொண்டிருந்தது. ஏற்கெனவே வாங்கிய நீட்டிப்பு எல்லாம் தீர்ந்துவிட்டது. சினாப்சிஸ் கூட்டம் என்று ஒன்று உண்டு. ஆய்வு முழுவதையும் ஒரு குழுவின் முன்னால் சொல்லி, கேள்விக்குப் பதில் சொல்லி, அவர்கள் சரி என்றால்தான் ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். நெறியாளர் அந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். வெளியூரிலிருந்து வரவேண்டிய பேராசிரியை ஒரே ஒரு நாள்தான் கொடுத்திருக்கிறார். அன்றைக்கு நான் போகாவிட்டால் இத்தனை வருஷ உழைப்பும் குப்பை. நெறியாளர் போன் செய்து தேதி சொன்னார்.

"வைகுண்ட ஏகாதசி அன்னிக்கு வேணாம்னு நானே சொல்லிட்டேன். உங்க ஊர்த் திருவிழா, லோக்கல் ஹாலிடே வேற. அடுத்த நாள் காலைல வெச்சிருக்கு. நீங்க ஃப்ரீயா வந்துடலாம்."

"சார், அடுத்த நாள் துவாதசி."

"அதுக்கும் லீவா?"

"லீவு இல்ல சார்."

"அப்புறம் என்னம்மா?"

அவரிடம் என்ன சொல்வது? ஏகாதசியன்று எங்கள் வீட்டில் அடுப்புக்குத்தான் ஓய்வு. எல்லோரும் பட்டினி. சொர்க்கவாசல் சேவிக்க வந்த சொந்தக்காரர்கள் ஹாலில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு பெருமாளைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பார்கள். மறுநாள் துவாதசி விடிந்ததும் பாரணை, அதாவது விரதம் முடித்துச் சாப்பிடுவது. அதற்குப் புளி சேர்க்காமல் முழுத் தளிகை, முழுச் சமையல், வேண்டும். அகத்திக்கீரை ஆய்ந்து, நெல்லிக்காய் அரைத்து, சுண்டைக்காய் வறுத்து, பருப்பு, பொரித்த குழம்பு, சாத்துமுது என்கிற ரசம், திருக்கண்ணமுது என்கிற பாயசம் என்று எல்லாம் விடியும் முன் தயாராக இருக்க வேண்டும். முதல் நாள் பட்டினி கிடந்த பெண்கள்தான் அதைச் செய்வார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஏகாதசிதான் பண்டிகை. துவாதசி என்று ஒரு நாள் இருப்பது சமைக்கிறவளுக்குத்தான் தெரியும்.

மாமியாரிடம் சொன்னேன். இந்தத் தடவை நிதானமாக, வார்த்தை வார்த்தையாக. துவாதசிக் காலை நான் இருக்க முடியாது, கூட்டத்தை மாற்ற முடியாது, தளிகைக்கு ஆள் வைக்க வேண்டும் அல்லது சொந்தக்காரர்களைக் குறைக்க வேண்டும். "அவர்கிட்ட சொல்றேன்" என்றார். சாயங்காலம் கேட்டேன். "சொல்லிட்டேன். சரின்னுட்டார்."

அவ்வளவு சுலபமாகவா என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதை நான் மதித்திருக்க வேண்டும்.

ஏகாதசியன்று ஹால் நிறைய ஆள். பட்டினி வயிற்றோடு எல்லோரும் சாப்பாட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். மாமனார் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "நாளைக்குப் பாருங்கோ, எங்காத்து மாட்டுப்பொண்ணு பண்ற அகத்திக்கீரைக்கு ஈடே கிடையாது. காத்தால அஞ்சரைக்கு முதல் பந்தி" என்றார். நான் துளசி பறித்துக்கொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தேன். அப்படியே நின்றுவிட்டேன். மாமியாரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. துளசித்தட்டை அப்படியே கையில் வைத்துக்கொண்டு ஹால் நடுவில் போய் நின்றேன்.

"அப்பா, நாளைக்குக் காலம்பற நான் ஆத்துல இருக்க மாட்டேன். காலேஜ்ல என்னைக் கேள்வி கேக்கற கூட்டம். போகலேன்னா என் படிப்பே போயிடும்."

அப்பா என்று அவரை நான் கூப்பிட்டது அன்றுதான். அவர் என்னைப் பார்க்கவில்லை. இரண்டடி தள்ளி நின்ற மாமியார் பக்கம் திரும்பி, "என்ன சொல்றா?" என்றார்.

"நாளைக்குக் காலேஜாம்."

"நீ என்கிட்ட ஏதோ காலேஜ்ல ஃபங்ஷன், முடிஞ்சா போவான்னுதானே சொன்னே?"

"ஆமா. அதான்."

"எத்தனை மணிக்காம்?"

மாமியார் என்னிடம் திரும்பினார். "எத்தனை மணிக்குன்னு கேக்கறார்."

"பத்து மணிக்கு" என்றேன். என் குரல் அவர் காதில் விழுந்தது எனக்கு நன்றாகத் தெரியும். "பத்து மணிக்காம்" என்றார் மாமியார். மாமனார் கொஞ்சம் யோசித்தார். முகம் தெளிந்தது.

"அஞ்சரைக்குப் பாரணை. பத்து மணிக்குத்தானே கூட்டம்? முடிச்சுட்டுப் போகட்டுமே. யார் வேண்டாம்னா?"

ஹாலில் இருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். எவ்வளவு சுலபமாக முடித்துவிட்டார் பார் என்று ஒருவர் பாராட்டினார். என் கணவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், பிரச்சினை தீர்ந்துவிட்டதல்லவா என்ற பாவனையில். எனக்கு அந்தத் துளசித்தட்டை யார் தலையிலாவது கவிழ்க்க வேண்டும் போல இருந்தது. கவிழ்க்கவில்லை. உள்ளே போய் அகத்திக்கீரைக் கட்டைப் பிரித்தேன். அழுகையாக வந்தது, அதைவிடக் கோபமாக வந்தது.

விடியும் முன் எழுந்து குளித்து அடுப்பு மூட்டியதை விவரிக்க எனக்குப் பொறுமை இல்லை. மாமியார் முழங்கால் வலியோடு தேங்காய் துருவினார். நான் கிளறிக்கொண்டே பிரசன்டேஷனை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். முதல் பந்தி முடிந்தது. இரண்டாவது பந்திக்கு இலை போடும்போது, கோயிலுக்குப் போயிருந்த ஒரு கூட்டம் திரும்பி வந்து மூன்றாவது பந்தியாக உட்காரக் காத்திருந்தது. பரிமாறி முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு, துளசி தீர்த்தத்தை மட்டும் வாயில் விட்டுக்கொண்டு, லேப்டாப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். திருவிழாத் தடுப்புகளைச் சுற்றிக்கொண்டு நடந்து பஸ் பிடிக்க வேண்டியிருந்தது. காவிரிப் பாலத்தின் மேல் பஸ் நகரவே இல்லை. சேலையில் நெய் வாசனை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "எங்கம்மா, விசேஷ வீட்டுக்கா?" என்று கேட்டார்.

கூட்டத்தில் நான் நன்றாகத்தான் பேசினேன். மௌன அத்தியாயம் இல்லாத ஓட்டையை நெறியாளர் தவிர யாரும் பார்க்கவில்லை. கல்லில் பேசிய பெண்களைச் சொன்னேன், ஒப்பாரித் தடையைச் சொன்னேன், அடுப்பின் அளவைச் சொன்னேன், ரொட்டி சுடும் முறையைச் சொன்னேன். வெளியூர்ப் பேராசிரியை கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

"என்ன சமைச்சாங்க, எப்படிச் சமைச்சாங்கன்னு அழகாச் சொன்னீங்க. இவங்க எப்ப சாப்பிட்டாங்க?"

எனக்குப் பதில் தெரியும். எல்லாரும் சாப்பிட்ட பிறகு, மிச்சம் இருந்தால். சொல்ல வாயைத் திறந்தேன். நெறியாளர் முகத்தைப் பார்த்தேன்.

"அதுக்கு ஆதாரம் எதுவும் எனக்குக் கிடைக்கலை மேடம்."

"நேர்மையான பதில்" என்று எழுதிக்கொண்டார் அவர். எனக்கு அந்தப் பாராட்டு துளிகூடப் பிடிக்கவில்லை. ஆய்வேட்டைக் கொடுக்கலாம் என்று குழு சொன்னது, கை தட்டினார்கள், நெறியாளர் கண் கலங்கினார். எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்குப் புறப்பட்டார்கள். "நீங்களும் வாங்கம்மா" என்றார் நெறியாளர். செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. மாமியார்.

"முடிஞ்சுதா? சாயந்தரம் இன்னும் நாலு பேர் வராளாம். நீ எத்தனை மணிக்கு வருவேன்னு கேக்கறார்."

"போனை அவர்கிட்ட குடுங்கோம்மா."

"எதுக்கு?"

"குடுங்கோ."

கை மாறுகிற சத்தம் கேட்டது. மாமனார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ம்" என்றார்.

"அப்பா, மணி ஒண்ணாச்சு. நான் இன்னும் சாப்பிடலை."

அவர், "இந்தா, என்னமோ சொல்றா, நீயே கேளு" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"என்னடி சொன்னே அவர்கிட்ட?" என்றார் மாமியார்.

"நான் இன்னும் சாப்பிடலைன்னு சொன்னேன்."

மாமியார் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நானும்தான் இன்னும் சாப்பிடலை" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. யார் மேல் என்று அந்த நேரத்தில் பிரித்துப் பார்க்க முடியவில்லை. "அம்மா, இலையைப் போட்டுண்டு உக்காருங்கோ. இப்பவே. யார் கூப்பிட்டாலும் எழுந்துக்காதீங்கோ" என்று நடைபாதையில் நின்று கத்தினேன்.

"என்னவாம்?" என்று பின்னாலிருந்து மாமனார் கேட்பது காதில் விழுந்தது.

"ஒண்ணும் இல்லை" என்றார் மாமியார்.